ஐப்பசியில் கோவைக் குளங்கள்: எல்லா வாத்தும் ஏன் பழுப்பாகவே இருக்கிறது?

புதிதாக பைனாகுலர் வாங்கிய ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்டோபர் கடைசியில் ஒரு நாள் முழுசாகக் கிடைக்கிறது. கோவையைச் சுற்றி இருக்கும் குளங்களில் வலசைப் பறவைகளைப் பார்க்க ஆசை. எங்கே ஆரம்பிக்கலாம்? போன வாரம் ஒரு குளத்துக்குப் போனேன். தூரத்தில் மிதந்த வாத்துகள் எல்லாம் ஒரே பழுப்பு. புத்தகத்தில் இருக்கிற மாதிரி ஒன்றுகூட இல்லை. தப்பான நேரத்தில் போய்விட்டேனா?"

நேரம் சரிதான், உங்கள் கண்ணிலும் குறை இல்லை. அந்த வாத்துகள் நிஜமாகவே பழுப்பாகத்தான் இருந்திருக்கும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் குளங்களுக்குப் போகலாம்.

வடக்கே முட்டையிடும் காலம் முடிந்ததும் ஆண் வாத்துகள் தங்கள் வண்ண இறகுகளை உதிர்த்துவிடும். பறக்க உதவும் பெரிய இறகுகளும் அந்தக் காலத்தில் ஒட்டுமொத்தமாக விழுந்து முளைக்கும். சில வாரங்களுக்கு அவற்றால் பறக்கவே முடியாது. பறக்க முடியாத நேரத்தில் பளிச்சென்ற நிறத்தோடு இருந்தால் உயிர் பிழைப்பது கஷ்டம். அதனால் பெண்ணைப் போலவே ஒரு பழுப்பு உடைக்கு மாறிக்கொள்கின்றன. இறக்கை முளைத்ததும் கிளம்பி, பழைய வண்ணம் திரும்புவதற்குள் நம் ஊருக்கு வந்து இறங்கிவிடுகின்றன. ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் நவம்பர், டிசம்பரில் மெல்ல நிறம் மாறும். நீலச்சிறகி இன்னும் தாமதம். ஜனவரி தாண்டியும் ஆண்கள் பழுப்பிலேயே இருக்கும். பறவைப் புத்தகங்களில் பெரிதாக அச்சிடப்படும் ஆண் நீலச்சிறகியின் வெள்ளைப் புருவம் நம் குளங்களில் முழுசாகத் தெரிவது, அது ஊருக்குத் திரும்பப்போகும் சமயத்தில்தான்.

ஆகவே ஐப்பசியில் வாத்தை நிறத்தால் தேடாதீர்கள். வடிவத்தைப் பாருங்கள். அலகு மட்டும் கரண்டி மாதிரி அகலமாக, தலையைவிட நீளமாக இருந்தால் தட்டைவாயன். அது தலையை நிமிர்த்துவதே அபூர்வம். அலகை நீரில் வைத்துத் தள்ளிக்கொண்டே போகும், சில நேரம் கூட்டமாகச் சேர்ந்து வட்டமடித்துக்கொண்டே மேயும். கழுத்து நீண்டு, உடம்பு ஒல்லியாக, அலகு சாம்பல் நிறமாக, முகத்தில் ஒரு கோடும் இல்லாமல் வெறும் பழுப்பாக இருந்தால் ஊசிவால் வாத்து. ஊசி போன்ற வால் இப்போது முளைத்திருக்காது, அதைத் தேடி ஏமாற வேண்டாம். உருவம் சின்னதாக, முகத்தில் கண் வழியாக ஒரு கருங்கோடும் கன்னத்தில் இன்னொரு மங்கலான கோடும், அலகின் அடியில் ஒரு வெளிறிய பொட்டும் இருந்தால் நீலச்சிறகி. வடக்கிலிருந்து வரும் வாத்துகளில் முதலில் வருவதும் நம் குளங்களில் அதிகம் இருப்பதும் இதுதான். கருத்த அலகின் நுனியில் மஞ்சள் தடவியது போல இருக்கும் பெரிய வாத்து புள்ளிமூக்கு வாத்து. அது வருடம் முழுக்க இங்கேயே இருப்பது.

பழுப்பு நீலச்சிறகிக் கூட்டத்தில் ஆணைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பொறுமையாக உட்கார்ந்திருங்கள். எப்படியும் ஒரு தடவை கூட்டம் எழும்பி, குளத்தைச் சுற்றி மறுபடி இறங்கும். இறங்கும்போது இறக்கையை முன்னே விரித்துப் பிரேக் போடுமே, அந்த ஒரு நொடியில் இறக்கையின் முன்பகுதி தெரியும். சில பறவைகளுக்கு அது வெளிர் நீலச் சாம்பலாக, வெயிலில் வெள்ளி மாதிரி மின்னும். அவை ஆண்கள். உடம்பெல்லாம் மாறினாலும் இறக்கையின் அந்த நீலம் மட்டும் போகாது. நீலச்சிறகி என்ற பெயரின் பொருத்தம் அதை முதல்முறை பார்த்த அன்றுதான் எனக்குப் புரிந்தது. அதற்கு முன் 2 வருடம் அந்தப் பறவையை நான் மிதக்கும்போது மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, எங்கே போவது?

இடத்தின் பெயரைவிட முக்கியமானது அன்றைக்கு அந்தக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது. நம் குளங்கள் நொய்யலின் குளங்கள். வெள்ளிங்கிரி மலைப் பக்கம் மழை பெய்தால் ஆற்றில் வெள்ளம் வரும், தடுப்பணையில் திரும்பும், வாய்க்கால் வழியாக ஒவ்வொரு குளமாக நிரம்பிக்கொண்டே கிழக்கே இறங்கும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20 வாக்கில். கோவையில் மழை அதிகம் பெய்வதும் இந்த மாதம்தான். 2 நாள் நல்ல மழை பெய்தால் போன வாரம் சேறாக இருந்த இடம் இந்த வாரம் இடுப்பளவு தண்ணீராகிவிடும். சேற்றில் நடந்த உள்ளான்கள், அதாவது கரையோரம் மேயும் சின்னப் பறவைகள், வேறு குளத்துக்குப் போய்விடும்.

ஒவ்வொரு பறவைக்கும் அதன் காலும் கழுத்தும் எட்டும் ஆழம்தான் வேண்டும். கொசு உள்ளானுக்கு ஈரச் சேறு போதும். பொறி உள்ளானுக்கு இரண்டு விரல் தண்ணீர். நெடுங்கால் உள்ளான் ஒரு சாண் வரை இறங்கும். தலைகீழாகக் கவிழ்ந்து மேயும் வாத்துகளுக்கு ஒரு சாணும் கொஞ்சமும். அதற்கு மேல் போனால் முங்கத் தெரிந்தவை மட்டும்தான்: முக்குளிப்பான், நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட கருப்பு நாமக்கோழி, நீர்க்காகம். விளிம்புவரை நிரம்பித் ததும்பும் குளம் நமக்கு அழகு. கரை ஓரம் சரிவாக இல்லாமல் அப்படி நிரம்பியிருந்தால், அங்கே ஒரு உள்ளான்கூட நிற்க இடம் இருக்காது.

ஆகவே முந்தின நாளே யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து பரிசலில் வலை போடுபவர்களைவிடச் சரியாகச் சொல்பவர்கள் கிடையாது. குளத்தில் எந்த மூலை மேடு, எது பள்ளம் என்பது அவர்களுக்கு அத்துப்படி. "நாமக்கோழி எந்தப் பக்கம் நிற்குது அண்ணா?" என்று கேட்டால் கை நீட்டிக் காட்டுவார்கள். வலையில் ஜிலேபி மீன் நன்றாக விழும் நாளில் கூழைக்கடாவும் அங்கேதான் இருக்கும்.

உங்களுக்காக ஒரு நாளை இப்படி அமைக்கிறேன். காலையில் உக்கடம் பெரியகுளம், வெயில் ஏறியதும் சிங்காநல்லூர், மாலையில் சூலூர் பக்கம். தண்ணீர் போகும் திசையிலேயே நாமும் போகிறோம்.

உக்கடத்தை முதலில் வைக்கக் காரணம் இரண்டு. சுமார் 320 ஏக்கர் பரப்புள்ள பெரிய குளம், நடைபாதை இருக்கிறது, தினமும் ஆட்கள் நடப்பதால் பறவைகள் மனிதர்களைப் பார்த்துப் பழகிவிட்டன. கொஞ்சம் உள்ளடங்கிய குளங்களில் 100 மீட்டரில் எழும்பிப் போகும் நாமக்கோழி இங்கே கல்லெறி தூரத்தில் சாவகாசமாக மேயும். புது பைனாகுலரில் கண்ணைப் பழக்க இதைவிட நல்ல இடம் இல்லை. இரண்டாவது காரணம் வெளிச்சம். நம் பக்கத்துக் குளங்கள் பலவற்றில் தண்ணீர் மேற்கிலிருந்து வந்து கிழக்குக் கரையில் தேங்கும். காலையில் கிழக்குக் கரையில் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றால் இறகின் ஒவ்வொரு கோடும் தெரியும். எதிர்க்கரையில் நின்றால் அதே பறவைகள் கருப்பு நிழல்களாகத்தான் தெரியும். போன வாரம் நீங்கள் பார்த்த "ஒரே பழுப்பு"க்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சூரியன் எழுவது 6.15 வாக்கில். 6 மணிக்கே போய் நின்றுவிடுங்கள். முதல் அரைமணி நேரம் பைனாகுலரைத் தொடாமல் வானத்தைப் பாருங்கள். இரவு அடைந்த மரங்களிலிருந்து கொக்குகளும் அன்றில்களும் வரிசை வரிசையாகக் கிளம்பும். வக்காக்கள் அதற்கு எதிர்த்திசையில் இரவு வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருக்கும். மின்கம்பியில் தகைவிலான்கள் நெருக்கமாக உட்கார்ந்து இறகு கோதும். நீலத் தாழைக்கோழி ஆகாயத்தாமரை மேல் நடந்து, தண்டை ஒரு காலால் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகும். கிளி சாப்பிடுவது மாதிரியே இருக்கும். கூழைக்கடா வந்து இறங்குவதைத் தவறவிடாதீர்கள். அவ்வளவு பெரிய உடம்பு, காலை முன்னே நீட்டி, தண்ணீர் மேல் சறுக்கிக்கொண்டே வந்து நிற்கும்.

தண்ணீருக்கு மேலே தாழப் பறந்து, திடீரென்று கொக்கி போட்டதுபோல மூக்கை நீரில் தொட்டு எழும் சாம்பல் பறவைகள் மீசை ஆலாக்கள். கோடையில் அவற்றின் வயிறு கரும்சாம்பலாக, கன்னம் வெள்ளையாக இருக்கும். மீசை என்ற பெயர் அதனால்தான். இப்போது மீசை இல்லை. இவையும் உடை மாற்றிக்கொண்டு வந்தவை.

நாமக்கோழிகள் சட்டென்று ஒரே குவியலாக ஒட்டிக்கொண்டாலோ, வாத்துகள் மொத்தமாக எழும்பினாலோ பைனாகுலரை இறக்கிவிட்டு மேலே பாருங்கள். பெரும்பாலும் சேற்றுப் பூனைப்பருந்துதான். பழுப்பு உடம்பு, இறக்கையை ஆங்கில வி எழுத்து போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோரைக்கு மேலே தவழ்ந்து வரும். இதுவும் வடக்கிலிருந்து வந்த விருந்தாளி.

9 மணிக்கு மேல் திறந்த நீரில் வெயில் கூசும். அப்போது சிங்காநல்லூருக்குப் போய்விடுங்கள். 2017இல் நகர்ப்புற பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவிக்கப்பட்ட குளம். கரையெல்லாம் மரமும் புதருமாக இருப்பதால் வெயிலிலும் நடக்கலாம். இங்கே காதுதான் வேலை செய்ய வேண்டும். புதருக்குள்ளிருந்து நாக்கைச் சொடுக்குவது போல "டக்... டக்..." என்று வந்துகொண்டே இருந்தால் பிளைத் நாணல் கதிர்க்குருவி. பார்க்க ஒன்றும் விசேஷம் இல்லாத, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சாயம் போன குருவி. அது மத்திய ஆசியாவுக்கும் அப்பாலிருந்து இரவு இரவாகப் பறந்து வந்து இந்தக் கரையின் ஒரு புதரில் குடியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு நிறைந்துவிடும். வேலிக் கம்பியின் நுனியில் கண்ணுக்குக் கருப்புப் பட்டி கட்டியது போல உட்கார்ந்திருப்பது பழுப்புக் கீச்சான். பெரிய வெட்டுக்கிளியைப் பிடித்தால் அடித்துக் கிழித்துச் சாப்பிடும்.

காலையிலோ மாலையிலோ 6 மணி வாக்கில் இரண்டு சுரத்தில் விசில் கேட்டால் ஆறுமணிக்குருவி. அக்டோபரில் இவை களைத்துப்போய் ஊருக்குள் வீட்டு முற்றத்தில்கூட விழும். அப்படி ஒன்றைப் பார்த்தால் தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் போட்டு இருட்டான, அமைதியான இடத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து, பூனை இல்லாத புதர் ஓரமாகத் திறந்து விடுங்கள். பெரும்பாலும் தானாகவே தேறிக் கிளம்பிவிடும். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மதியம் 12லிருந்து 3 வரை ஒன்றும் வேண்டாம். சாப்பிட்டுவிட்டு, பார்த்ததை எழுதுங்கள்.

மாலைக்குத்தான் நான் காத்திருப்பேன். சூலூர், கண்ணம்பாளையம், இருகூர் பக்கத்துக் குளங்களில் எதில் மேற்கு ஓரம் சேறாக, புல் முளைத்துக் கிடக்கிறதோ அங்கே போங்கள். மாலை வெயில் இப்போது மேற்கிலிருந்து உங்கள் முதுகில் விழும். நிற்காதீர்கள், உட்காருங்கள். உட்கார்ந்த மனிதனைப் பறவைகள் 20 நிமிடத்தில் மறந்துவிடுகின்றன.

கண்ணம்பாளையத்தில் ஒரு மாலை அப்படி உட்கார்ந்திருந்தபோது ஒரு பொறி உள்ளான் மேய்ந்துகொண்டே என் பக்கம் வந்தது. நான்கு ஆள் தூரம். முதுகில் பழுப்பு மேல் வெள்ளைப் பொரி தூவியது போலப் புள்ளிகள், கண்ணுக்கு மேலே நீளமாக ஒரு வெள்ளைப் புருவம், மஞ்சளும் பச்சையும் கலந்த கால். ஒரு அடி வைக்கும், நிற்கும், அலகைச் சேற்றில் செருகும். வெளியே எடுக்கும்போது நுனியில் நூல் போல ஒரு சிவப்புப் புழு நெளியும். தண்ணீரில் ஒரு தரம் அலசிவிட்டு விழுங்கும். நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணப் பார்த்தேன், முடியவில்லை. அந்தச் சிவப்பு நூல்தான் ரத்தப்புழு. கடிக்காத ஒருவகைக் கொசு மாதிரியான பூச்சியின் இளம் பருவம். கழிவுநீர் கலக்கும் குளத்துச் சேற்றில் இது ஏராளமாக வளரும். நாற்றம் அடிக்கும் மூலையில் உள்ளான் கூட்டம் நிற்பதைப் பார்த்துச் சிலர் குழம்புவார்கள். காரணம் இதுதான். கழிவு நல்லது என்று இதற்கு அர்த்தம் கிடையாது. நத்தையும் மீனும் தவளையும் செத்துப்போன குளத்தில் கடைசியாக மிஞ்சும் சாப்பாடு அது.

உள்ளான்களில் மூன்றைப் பிரித்தறிந்தால் ஐப்பசிக்குப் போதும். பொறி உள்ளானைச் சொன்னேன். சாதா உள்ளான் தனியாக, கல் ஓரமாக ஓடும், பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும். தோள் ஓரத்தில் வயிற்று வெள்ளை மேலே ஏறி ஒரு வெள்ளை வளைவு தெரியும். பறந்தால் இறக்கையை விறைப்பாக வைத்துத் தண்ணீரை ஒட்டியே போகும். மூன்றாவது, ஆங்கிலத்தில் கிரீன் சாண்ட்பைப்பர் எனப்படுவது. முதுகு கருத்து, புருவம் கண்ணோடு நின்றுவிடும். கிளம்பும்போது கூவிக்கொண்டே உயரமாகப் போகும், கருத்த இறக்கைகளுக்கு நடுவே பின்பக்கம் மட்டும் வெள்ளை வெளேர் என்று தெரியும். பெரிய குளத்தைவிடச் சின்னக் குட்டை, வாய்க்கால் முனை, பள்ளத்து ஓரம்தான் அதற்குப் பிடிக்கும். ஆகஸ்டிலேயே வந்துவிடும் பறவைகள் இவை. வாத்துகள் வரும்போது இவை ஏற்கெனவே 2 மாதக் குடித்தனக்காரர்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. என் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டை இருந்தது. பேர் சொல்லும்படியான குளம் ஒன்றும் இல்லை. மூன்று பக்கம் சரிவான மண் ஓரம், ஐப்பசியில் 60, 70 உள்ளான்கள் எண்ணுவேன். அதைச் சீரமைக்கிறோம் என்று ஆழமாகத் தோண்டி, சுற்றிலும் செங்குத்தாகக் கல் பதித்து, மேலே விளக்கு போட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். இப்போது தண்ணீர் முன்பைவிட அதிகம் நிற்கிறது. உள்ளான் ஒன்றுகூட இறங்குவதில்லை. அடுத்த ஐப்பசியில் ஒரு மாலை ஏழெட்டு உள்ளான்கள் வந்து, அந்தக் குட்டைக்கு மேலே இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் போனதைப் பார்த்தேன். உங்கள் ஊரில் குளம் தூர்வாரப் பேச்சு எழுந்தால் ஒரே ஒரு பக்கத்தையாவது மண் சரிவாக விடச் சொல்லிக் கேளுங்கள். மீனுக்குக் குஞ்சு பொரிக்கவும் தவளைக்கு முட்டையிடவும் அந்த ஓரம்தான் வேண்டும்.

கருவி பற்றி. எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும். பத்து மடங்கு கையில் ஆடும். ஸ்பாட்டிங் ஸ்கோப் இப்போது வேண்டாம். காக்கிக்கோ பச்சைக்கோ பக்கத்தில் வரும் மங்கலான உடுப்பு, தொப்பி, சேறுக்கு ஏற்ற செருப்பு. படம் எடுப்பதற்காகப் பறவையைத் துரத்தாதீர்கள், செல்போனில் அதன் குரலைப் போட்டு வரவழைக்காதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்தது இளைப்பாறிச் சாப்பிடும் நேரம் இது. ஒவ்வொரு முறை எழுப்பிவிடும்போதும் அது சேர்த்த கொழுப்பைச் செலவழிக்கிறது.

எண்ணுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நாமக்கோழி 400 இருந்தால் முதலில் 10ஐ எண்ணி, அந்த 10 எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கி, அதே அளவாகக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போங்கள். பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இபேர்ட் செயலியில் குளத்துக்கு ஒரு பட்டியலாகப் போடலாம். "நிறைய" என்று எழுதினால் யாருக்கும் பயன்படாது, தோராயமானாலும் எண்ணாகப் போடுங்கள். ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கும் இந்தப் பழக்கம் உதவும்.

திருப்பூர் நஞ்சராயன் குளத்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். 2024 ஆகஸ்டில், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அருமையான இடம், சுமார் 125 ஹெக்டேர். அதற்கென்று ஒரு தனி நாள் வேண்டும். வரித்தலை வாத்தைப் பார்க்க ஆசை இருந்தால் டிசம்பர் கடைசி, ஜனவரியில் போய்ப் பாருங்கள். இமயத்தைத் தாண்டி வரும் பறவை, ஐப்பசியில் அவசரப்பட வேண்டாம்.

அன்று மாலை 5.30க்கு மேல் எழுந்து போய்விடாதீர்கள். வெளிச்சம் குறையக் குறைய வாலாட்டிகள் ஒன்றிரண்டாகக் கோரைக்குள் அடைய வரும். தலைக்கு மேலே "சிசிட்" என்று சத்தம் கேட்கும், குதித்துக் குதித்துப் பறக்கும் ஒரு சின்ன உருவம் தெரியும், கோரைக்குள் விழுந்து காணாமல் போகும். தகைவிலான்கள் கடைசிச் சுற்று சுற்றும். சீழ்க்கைச் சிறகிகள் விசிலடித்துக்கொண்டே வயலுக்குக் கிளம்பும், அவற்றுக்கு இப்போதுதான் பொழுது விடிகிறது. பைனாகுலரில் ஒன்றும் தெரியாது என்ற நிலை வந்ததும் கிளம்பலாம். பிப்ரவரியில் ஒரு நாள் ஒதுக்கி, இதே உக்கடம் கரையில், இதே இடத்தில் போய் நில்லுங்கள். இன்று பழுப்பாக இருந்த அந்த நீலச்சிறகிகளில் சிலவற்றுக்கு அப்போது வெள்ளைப் புருவம் பாதி வந்திருக்கும்.